மேனேஜருக்கு ரொம்பப் பிடிக்கும்

கடையில் நாய் பிஸ்கட் பாக்கெட் ஒன்றைக் கையில் எடுத்து, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, பாக்கெட்டின் முதுகில் எறும்பு ஊர்கிற மாதிரி அச்சடித்திருப்பதை வரி விடாமல் படித்து, கடைசியில் "ச்சே!" என்று சொல்லி, தொட்டதே தப்பு என்பதுபோல் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டுப் போகிற மனிதரைப் பார்த்திருக்கிறீர்களா? நீங்கள் பார்க்கவில்லை என்றாலும், உங்களுக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் பார்த்திருப்பார்கள். அந்த "ச்சே" சாதாரணமானதல்ல. ஓர் இனம் பிறக்கும்போது எழுப்புகிற முதல் குரல் அது. தன் வீட்டில், தன் அடுப்பில், தன் கையாலேயே நாய்க்கு ஆரோக்கியப் பலகாரம் செய்கிற இனம்.

இந்த இனத்தாரைக் கண்டுபிடிப்பது சுலபம். நாயை நாய் என்று சொல்ல மாட்டார்கள். "நம்ம பையன்" என்பார்கள். தாங்கள் செய்த பண்டத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டால், என்னவெல்லாம் இல்லை என்று சொல்வார்கள். உப்பு இல்லை, சர்க்கரை இல்லை, மைதா இல்லை, எண்ணெய் இல்லை, கலர் இல்லை. அப்படியென்றால் என்னதான் இருக்கிறது என்று நீங்கள் வாய் திறப்பதற்குள் டப்பா திறந்துவிடும். மூன்றாவது அடையாளம்தான் முக்கியம். நாய் என்ன நினைக்கிறது என்று இவர்களுக்குத் தெரியும். நாய் வாயைத் திறப்பதற்கு முன்பே, நாயின் சார்பில், இவர்கள் சொல்லிவிடுவார்கள்: "அவனுக்கு ரொம்பப் பிடிக்கும்!"

நமக்குத் தெரிந்த ஆளை எடுத்துக்கொள்வோம். லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனி ஒன்றில் கணக்கர். ஊரெல்லாம் ஏறி இறங்க வழி செய்கிற கம்பெனியில் பல வருஷமாக ஒரே நாற்காலியில் இருப்பவர். அவருடைய நாய்க்கு அவர் வைத்த பெயர் மேனேஜர். காரணம் கேட்டால் ஒளிக்க மாட்டார்.

"வாழ்க்கையில ஒரு மேனேஜரையாவது 'உட்கார்'னு சொல்லி உட்கார வைக்கணும்ல?"

மேனேஜர் உட்காரவும் செய்தான். அந்த வீட்டில் தினமும் சாயங்காலம் கதவு திறந்ததும் "மேனேஜர், உட்கார்! மேனேஜர், கையைக் குடு! மேனேஜர், செருப்பைத் தொடாதே!" என்று எழும் குரலில் இருந்த திருப்தியை, கணக்கரின் ஆபீஸ் மேனேஜர் கேட்டிருந்தால் மெடிக்கல் லீவில் போயிருப்பார்.

முதன்முதலில் செய்த பலகாரம், உண்மையைச் சொன்னால், பிரமாதம். கோதுமை மாவு, முட்டை, வேகவைத்து மசித்த ஈரல். ஓவனிலிருந்து வாசனை வந்ததுமே மேனேஜர் பின்னங்கால்களில் நின்றுவிட்டான். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் இந்த இனத்தார் விடுவார்களா? படிக்க ஆரம்பித்துவிடுவார்கள். ஈரலில் ஏதோ ஒரு விட்டமின் மிதமிஞ்சிப் போனால் ஆகாது என்று எங்கோ படித்தார். ஈரல் போயிற்று.

"அளவா போட்டா ஒண்ணும் ஆகாதுங்க" என்றாள் மனைவி. அவள் மருந்துக்கடை நடத்துகிறவள். அளவு பற்றி அவளுக்குத் தெரியாதா?

"எதுக்கும்மா ரிஸ்க்கு?" என்றார் கணக்கர்.

அடுத்த வாரம் முட்டை போயிற்று. அதற்கடுத்த வாரம் கோதுமை. ருசி என்று சந்தேகத்துக்கு இடமான ஒவ்வொன்றும் ஒவ்வொரு காரணத்துக்காக வெளியேற்றப்பட்டு, கடைசியில் மிஞ்சியது ஓட்ஸ் மாவும் வெந்த காரட்டும் அழகுக்குக் கொஞ்சம் பீட்ரூட்டும். நட்சத்திர அச்சில் வெட்டி, பல்லுக்கு நல்லது என்று இரண்டு முறை ஓவனில் வைத்து எடுப்பார். அது கைதவறி விழுந்தால் டைல்ஸுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். ஒன்றைக் கடைவாயில் வைத்துத் தானும் கடிப்பார். கண்ணை மூடிக்கொள்வார். "நல்லாத்தான் இருக்கு" என்பார். அந்தத் "தான்" எங்கிருந்து வந்தது என்று அவர் யோசித்ததே இல்லை.

மேனேஜர் பொதுவாகச் சாப்பாட்டு விஷயத்தில் எந்தக் கொள்கையும் இல்லாதவன். சாக்ஸ் சாப்பிடுவான். சோப்பு சாப்பிடுவான். குழாய் ரிப்பேருக்கு வந்தவர் கழற்றி வைத்த செருப்பில் ஒன்றை, அவர் குழாயை முடிப்பதற்குள் இவன் முடித்திருந்தான். அப்பேர்ப்பட்டவன், நட்சத்திரத்தைக் கொடுத்தால் முன்பற்களால் பட்டும் படாமலும் வாங்கிக்கொண்டு, வாலை ஒரு தடவை மரியாதைக்கு ஆட்டிவிட்டு, பின்கதவு வழியாகத் தோட்டத்துக்குப் போய்விடுவான். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வரும்போது மூக்கில் மண் இருக்கும்.

"பார்த்தியா? ரசிச்சுச் சாப்பிடறவன் தனியாத்தான் சாப்பிடுவான்."

"மூக்குல ஏங்க மண்ணு?"

"சாப்பிட்டதும் மோப்பம் பிடிக்கிறான். ஜீரணத்துக்கு."

நட்சத்திரங்கள் வீட்டோடு நிற்கவில்லை. மாடி வீட்டுப் பல் டாக்டர் வளர்க்கிற பொடி நாய்க்கு ஒரு டப்பா, பக்கத்துத் தெருவில் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிற அம்மாள் வளர்க்கிற மலை போன்ற நாய்க்கு இரண்டு டப்பா என்று ஞாயிற்றுக்கிழமை தோறும் விநியோகம் நடந்தது. மறுவாரம் காலி டப்பா திரும்பி வரும், கூடவே பாராட்டும் வரும்.

"எங்க குட்டிக்கு உயிர் சார்! டப்பா மூடியைத் திறக்கிற சத்தம் கேட்டாலே ஒரே ஓட்டம்" என்றார் பல் டாக்டர். எந்தத் திசையில் என்று அவர் சொல்லவில்லை.

"எங்க பெரியவனுக்கு ரெண்டு டப்பா போதவே மாட்டேங்குது சார்" என்றார் டிரைவிங் ஸ்கூல் அம்மாள். அவருடைய கார் ஒன்று சரிவான தெருவில் நின்றபோது பின்சக்கரத்துக்கு அடியில் சிவப்பாக ஒரு நட்சத்திரம் முட்டுக்கொடுத்திருந்ததை மருந்துக்கடைக்காரி ஒருநாள் கண்டாள். அவளும் ஒன்றும் சொல்லவில்லை.

ஏன் யாருமே சொல்லவில்லை? கெட்டவர்களா? இல்லை. கணக்கர் நல்லவர். யார் வீட்டில் ஃபியூஸ் போனாலும் டார்ச்சோடு நிற்பவர். அப்படிப்பட்டவர் சூடு ஆறாத டப்பாவை நீட்டிக்கொண்டு, நாயின் முகத்தையும் உங்கள் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தால், உண்மை பேச உங்களுக்கு நாக்கு வருமா?

மேனேஜர் விஷயம் மனைவிக்குத் தெரிந்தது ஒரு செடியால். பின்பக்கப் பூச்செடிப் பாத்தியில் புதுச் செடி வைக்கலாம் என்று மண்ணைக் கிளறினாள். ணங்கென்றது. கல் என்று நினைத்து எடுத்தாள். நட்சத்திரம். பக்கத்தில் இன்னொன்று. தோண்டத் தோண்ட, மண்ணுக்கடியில் ஒரு வானமே இருந்தது. ஒன்றிலாவது பல் பட்டிருக்க வேண்டுமே? எறும்புகூட மொய்க்கவில்லை. அவளுக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் சமையலறையிலிருந்து கணவர் மாவு பிசைந்துகொண்டே ஏதோ முணுமுணுத்துப் பாடுவது கேட்டது. அவள் சிரிப்பு நின்றது. முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு எழுந்த உடனேயே திங்கட்கிழமையை நினைத்து அவர் முகம் தொங்கிப் போகும். சாயங்காலம் முழுக்க யாரிடமும் பேச மாட்டார். இப்போது பாடுகிறார். அவள் மண்ணைத் திரும்பத் தள்ளி, காலால் நன்றாக மிதித்துச் சமன்படுத்திவிட்டு உள்ளே போனாள். மருந்துக்கடைக்காரி செய்த ஒரே போலி மருந்து அதுதான்.

போலி மருந்துக்குப் பக்கவிளைவு உண்டு. ஒருநாள் கணக்கர் அறிவித்தார்.

"வேலையை விடப் போறேன்."

"என்னது?"

"திங்கட்கிழமை போய்ச் சொல்லிடறேன். பெரிய ஓவனோட ஒரு இடம் பார்த்து வச்சிருக்கேன். முழு நேரமும் இனி நட்சத்திரம்தான். எல்லாருமே கேக்கறாங்கம்மா! நாளைக்குப் பூங்காவுக்கு வரச் சொல்லியிருக்கேன், நாய்ங்களோட. நீயே கண்ணால பாரு."

அன்று ராத்திரி பூராவும் அவளுக்கு இரண்டே கேள்விகள். சொன்னால் அவர் முகம் என்ன ஆகும்? சொல்லாவிட்டால் குடும்பம் என்ன ஆகும்?

பூங்காவில் புல்தரையில் துணி விரித்து, தட்டுத் தட்டாக நட்சத்திரம் அடுக்கி, கையைப் பிசைந்துகொண்டு நின்றார் கணக்கர். பொடி நாய் ஒரு தட்டை முகர்ந்து பார்த்துவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்தது. பெரிய நாய் தட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குப்பைத்தொட்டியை ஏக்கத்தோடு பார்த்தது. மேனேஜர், ஏதோ ஒரு குழந்தை கீழே போட்ட ரொட்டி ஓரத்தைக் கண்டு, சங்கிலியோடு பாய்ந்து போய்விட்டான்.

"இப்பதான் சார் வயிறு முட்டச் சாப்பிட்டா" என்றார் பல் டாக்டர்.

"வெயில் பாருங்க, வெயில்ல இவனுக்குப் பசிக்காது" என்றார் டிரைவிங் ஸ்கூல் அம்மாள். வானம் மேகமூட்டமாக இருந்தது.

"அதான், அதான். நாலு பேர் முன்னாடி பறக்காவெட்டி மாதிரி சாப்பிடக் கூடாதுன்னு தெரிஞ்சிருக்கு. நல்ல வளர்ப்பு!" என்றார் கணக்கர்.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாகப் பூரித்துப்போய்க் கேட்டார்: "எல்லாரும் என்ன சொன்னாங்க, கேட்டியா?"

"கேட்டேங்க. நாய்ங்க சொன்னதையும் கேட்டேன்."

"நாய்ங்க என்ன சொல்லிச்சு?"

அவள் பதில் சொல்லாமல் அவர் கையைப் பிடித்து அழைத்துப் போய், பூச்செடிப் பாத்தி பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, கையாலேயே மண்ணை விலக்கினாள். கணக்கரும் குந்தினார். ஒன்றை எடுத்துத் துடைத்துப் பார்த்தார். அப்போதும் அவர் இனம் அவரை விடவில்லை.

"சேர்த்து வச்சிருக்கான் போல. பின்னாடி சாப்பிடலாம்னு."

கசப்பு மருந்தைக் கொடுக்கும்போது கடையில் ஒரு குரலில் பேசுவாள் அவள். மெதுவாக, ஆனால் இரண்டாம் பேச்சுக்கு இடமில்லாமல். அந்தக் குரலில் சொன்னாள்: "அவனுக்குப் பிடிக்கலைங்க. யாருக்குமே பிடிக்கல."

கையில் இருந்த நட்சத்திரத்தை அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உனக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

"மழைக்காலத்துக்கு முன்னாடியே தெரியும்."

"ஏன் சொல்லல?"

"ஞாயித்துக்கிழமை நீங்க பாடிக்கிட்டு இருந்தீங்க. அதைக் கெடுக்க எனக்கு மனசு வரல. வேலையை விடறேன்னு சொன்னீங்க பாருங்க, அதுக்கப்புறம் எனக்கு மூச்சே விட முடியல."

கணக்கருக்கு வலித்தது. கேலியாகக் கதை சொல்ல நான் உட்கார்ந்திருக்கிறேன் என்பதற்காக அதை மறைக்க முடியுமா? நன்றாகவே வலித்தது. நாய் ஏமாற்றியதுகூடப் பரவாயில்லை, தான் இவ்வளவு சந்தோஷமாக ஏமாந்திருக்கிறோமே என்று வெட்கமாக இருந்தது. எழுந்து, கையில் இருந்த மண்ணைத் தட்டினார்.

"ஈரல் இருக்கா?"

"ஃப்ரீசர்ல இருக்கு."

அன்று சாயங்காலம் கோதுமை மாவு, முட்டை, அளவாக ஈரல். அளவு மருந்துக்கடைக்காரி சொன்னது. மேனேஜர் ஓவன் கதவை முட்டிக்கொண்டு படுத்து, அழாத குறையாக முனகினான். முதல் துண்டு தரையைத் தொடவில்லை. தட்டை நக்கினான், தட்டு இருந்த இடத்தை நக்கினான், தட்டைக் கழுவப் போனவரின் காலை நக்கினான், அப்புறம் முன்னங்காலை அவர் முழங்கால்மேல் வைத்துக்கொண்டு இமைக்காமல் பார்த்தான். ஒரு நாய்க்கு ஒன்று பிடித்தால் அது எப்படி இருக்கும் என்று கணக்கர் மறந்தே போயிருந்தார். வேலையை விடுகிற பேச்சை அதற்குப் பிறகு அவர் எடுக்கவில்லை.

திருந்திவிட்டார் என்கிறீர்களா? மறுநாள் காலை, கல்யாணமான நாளிலிருந்து தினமும் செய்வதுபோல, தன் கையால் டீ போட்டு மனைவிக்குக் கொண்டுவந்து வைத்தார். அவள் எடுத்து ஒரு வாய் குடித்தாள். வாசல்வரை போனவர் சட்டென்று திரும்பினார்.

"ஏம்மா, என் டீ எப்படி? உண்மையச் சொல்லு."

அவள் கோப்பைக்குள் பார்த்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். திங்கட்கிழமை காலை.

"ரொம்பப் பிடிக்கும்ங்க" என்றாள்.

அவர் நிம்மதியாகச் சிரித்துக்கொண்டே ஆபீஸுக்குக் கிளம்பினார். நீங்களும் சிரிக்கிறீர்கள். உங்களிடம் நாய் இல்லை, ஓவன் இல்லை, உங்களுக்கு என்ன வந்தது? ஆனால் ஏதோ ஒன்று இருக்குமே. சூப் வைப்பீர்கள், இல்லை கவிதை எழுதுவீர்கள், இல்லை சொந்தக்காரர்களுக்கெல்லாம் ஸ்வெட்டர் பின்னிக் கொடுப்பீர்கள். எல்லாருக்கும் ரொம்பப் பிடிக்கும், இல்லையா? சந்தேகமே வேண்டாம், அவர்களே சொல்லியிருக்கிறார்கள். நான் ஒன்றுதான் கேட்கிறேன்: நீங்கள் நீட்டாமலே, இன்னொன்று வேண்டும் என்று தானாக வந்து உங்கள் முன் நின்றவர் யார்? பெயரைச் சொல்லுங்கள். அவசரமில்லை, யோசித்தே சொல்லுங்கள்.