ஊர் கேட்காத கோயில்

மொன்றியல் தமிழ்க் கத்தோலிக்கரில் கடவுளுக்கு உருப்படியாக வேலை செய்தவர் ஒரே ஒருவர்தான். மற்றவர்கள் கோட் போட்டுக்கொண்டு முன்வரிசையில் இருந்தவர்கள்.

அவருடைய சொந்தப் பெயரை யாரும் சொல்வதில்லை. வெப்சைட் அண்ணை என்றால்தான் தெரியும். என்னோடு துணித் தொழிற்சாலையில் வேலை செய்தார். இரண்டு விரலால் தட்டுவார். எழுத்து பிழைத்தால் கீபோர்ட்டுக்குக் கெட்ட வார்த்தையில் ஏசிவிட்டுச் சிலுவை போட்டுக்கொள்வார்.

இரண்டாயிரத்து நாலு, ஐந்து வாக்கில் எங்கள் கோயிலின் பங்குச் சபைக்கும் இணையத்தள ஆசை வந்தது. டொரொண்டோக்காரரிடம் இருந்தது, அதுதான் காரணம். சபையினரின் கோட் போட்ட படங்களை அண்ணையிடம் கொடுத்து, போடச் சொன்னார்கள். அவர் படங்களை ஓரமாக வைத்துவிட்டு இப்படி எழுதினார்:

“பூசை பதினொரு மணி. பிந்தித்தான் தொடங்கும். பிரசங்கம் நீளம். நித்திரை வந்தால் தூணுக்குப் பின்னால் இருங்கள், பிரசங்கம் வைக்கிற சுவாமிக்குத் தெரியாது. எப்போது முழந்தாளிடுவது என்று விளங்காவிட்டால் பக்கத்து ஆளைப் பார்த்துச் செய்யுங்கள். அவரும் அப்படித்தான் செய்கிறார்.”

சபைத் தலைவர் கொதித்துப்போய் வந்தார். “என்ன காணும் எழுதி வைச்சிருக்கிறீர்? எங்கட படம் எங்க?”

“தலைவர், கோயிலுக்கு வரப் பயந்தவன்தான் முதல்ல கொம்பியூட்டருக்குள்ள எட்டிப் பாக்கிறான். எடுத்த உடன உங்கட முகத்தைக் காட்டினா அவன் பேந்து வருவானே?”

அதைப் படித்துவிட்டு, நகரின் ஓரத்துத் தீவான இல்-பிசாரிலிருந்து ஒரு பெண் மின்னஞ்சல் எழுதினாள். சைவக் குடும்பம். தாய் செத்தபின் யேசுவைப் பற்றிக் களவாக வாசித்துக்கொண்டிருந்தாள். ஒரு ஞாயிறு வந்து பார்க்க ஆசை. ஒரே ஒரு கேள்வி: “வந்தால் ஊரில எவடம் எண்டு கேப்பீங்களோ?”

எங்கள் ஆட்கள் வணக்கம் சொல்லுமுன் இதைத்தான் கேட்பார்கள். இடம் தெரிந்தால் சாதியைப் பிடித்துவிடலாம். சிரிப்பதா வேண்டாமா என்பது அதற்குப் பிறகுதான் முடிவாகும். ஞானஸ்நானத் தண்ணீர் அவர்களுடைய தலையை நனைத்தது, அவ்வளவுதான்.

அண்ணை பதில் எழுதினார்: “கேக்க விடமாட்டன். வாங்கோ.” அதோடு நிற்காமல், “இங்கே ஊர் கேட்கமாட்டோம்” என்று தளத்தின் முகப்பிலேயே போட்டார்.

“இது வரவேற்போ, எங்களுக்குச் செருப்படியோ?” என்றார் தலைவர்.

“ரெண்டும்தான்.”

கொட்டுகிற பனியில் பஸ், மெட்ரோ எல்லாம் மாறி அவள் வந்தாள். அண்ணை வாசலிலேயே பிடித்துக்கொண்டார். பனி, ஹீட்டர், தன்னுடைய சீனி வருத்தத்துக்குப் போடும் மருந்து என்று மூச்சு விடாமல் கதைத்தபடி அவளை உள்ளே கொண்டுபோனார். வேறு எவரும் வாய் திறக்க இடமில்லை. பூசை முடிந்து கீழ்மண்டபத்தில் தேநீர். அவளுக்கு ரோல்ஸ் எடுக்க அண்ணை மேசைப் பக்கம் திரும்பினார். அது போதுமாக இருந்தது.

“பிள்ளை ஊரில எவடம்?” தலைவர்தான்.

அவள் பொய் சொல்லவில்லை. தலைவர் “ஓ...” என்று இழுத்தார், ஓரடி பின்னால் நகர்ந்தார். அவள் கோப்பையை வைத்துவிட்டு வெளியே நடந்தாள்.

அண்ணை ஜக்கெட்டும் இல்லாமல் பஸ் தரிப்பிடத்துக்கு ஓடினார். நான் அவருடைய ஜக்கெட்டைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன்.

“பிள்ளை, உங்களுக்குப் பொய் எழுதிப்போட்டன்.”

“நீங்கள் பொய் எழுதேல்லை அண்ணை. உங்கட ஆக்களை உங்களுக்குத் தெரியேல்லை.”

அன்றே அவர் முகப்பை மாற்றினார்: “இங்கே ஊர் கேட்பார்கள். தலைவரே கேட்பார். நீங்கள் பதில் சொல்லத் தேவையில்லை.”

சபை உடனே தளத்தைப் பறித்தது. கோட் படங்கள் ஏறின. அதைப் பார்த்து யாராவது கோயிலுக்கு வந்ததாக நான் கேள்விப்படவில்லை.

அண்ணை கோயிலை விட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் இல்-பிசாருக்கு பஸ் எடுத்தார். அவளுடைய சமையலறையில் உட்கார்ந்து இருவரும் பைபிள் வாசித்தார்கள். அவள் கேட்க நினைத்ததையெல்லாம் கேட்டாள். தெரியாததற்கு அவர் “தெரியாது பிள்ளை” என்றார். எங்கள் கோயிலில் நான் ஒருநாளும் கேட்காத பதில் அது.

ஒரு ஞாயிறு நானும் போனேன். எனக்கும் ஒரு கதிரை இழுத்துப் போட்டார்கள். அண்ணை கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டு, வரி தவறித் தவறி வாசித்தார். அவர் நிறுத்தாமல் வாசித்தால் நல்லது என்று இருந்தது எனக்கு.