சொட்டை அண்ணன் சொன்ன அரை நூல்

பெங்களூரில் ஒரு பொருள் நேராக இருக்கிறது என்று சொட்டை அண்ணன் வாயால் சொல்லவைத்தவர்கள், மெட்ரோ தூண் கட்டியவர்கள் மட்டும்தான். காலையில் ஓசூர் ரோட்டில் எங்கள் கம்பெனி வேன் சிக்கி நிற்கும். நாங்கள் எல்லோரும் டிராஃபிக்கைத் திட்டிக்கொண்டிருப்போம். அவரோ ஜன்னலில் கன்னத்தை ஒட்டவைத்து, ஒரு கண்ணை மூடி, முதல் தூணிலிருந்து கடைசித் தூண் வரைக்கும் பார்வையை ஓட்டிவிட்டு, “இன்னா நேருப்பா! கட்னவன் கைக்கு மோதிரம் போடணும்” என்பார். மற்றபடி இந்த ஊரின் சுவர், கம்பம், கடை போர்டு, ஃப்ளெக்ஸில் சிரிக்கும் தலைவர்களின் மீசை, எல்லாம் அவருக்குச் சொட்டைதான்.

இந்த வார்த்தையைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் தமிழ்நாட்டு வாசகர்கள் வேறு மாதிரி நினைத்துக்கொள்வீர்கள். கன்னடத்தில் ‘சொட்ட’ என்றால் கோணல். கோலார் தங்கவயலில் பிறந்து, பெங்களூர் அடுகோடியில் எங்கள் தெருவுக்குக் குடிவந்த அண்ணன், அந்தக் கன்னட வார்த்தைக்குத் தமிழ் வாலை ஒட்டி வாழ்நாள் முழுக்க ஓட்டிக்கொண்டிருந்தார். அவருடைய அப்பா தங்கச் சுரங்கத்தில் மரமுட்டுக் கொடுக்கிற வேலை பார்த்தவர். “அங்க முட்டு சொட்டையானா மண்ணு பூரா தலைமேல வந்துடும்” என்று அப்பா சொல்லிச் சொல்லி வளர்த்ததில், பிள்ளைக்குக் கோணலைக் கண்டாலே மயிர் கூச்செறியும். அந்த மயிருக்கும் குறைவே இல்லை. ஐம்பத்தைந்து வயதிலும் கன்னங்கரேலென்று, நடுவகிடு எடுத்த தலை. பெயர் மட்டும்தான் சொட்டை.

பொம்மசந்திராவில் பம்ப் தயாரிக்கிற கம்பெனி எங்களுடையது. நான் ஸ்டோர்ஸ் கிளார்க். அண்ணன் அலைன்மென்ட் ஃபிட்டர். அதாவது மோட்டாரின் தண்டும் பம்பின் தண்டும் ஒரே கோட்டில் வரும்படி உட்காரவைக்க வேண்டும். ஒரு மயிரிழை பிசகினாலும் மிஷின் குளிர் ஜுரம் வந்த மாதிரி உதறும். அதில் அவரை அடிக்க ஆள் கிடையாது. லேசர் கருவி வாங்கிவந்த நாளில்கூட, அது காட்டிய கணக்கைப் பார்த்துவிட்டு, “லேசரு சரியாத்தான் சொல்லுது. அத நிக்கவச்சீங்களே ஒரு ஸ்டாண்டு, அது சொட்டை” என்றார். பார்த்தால் ஸ்டாண்டின் ஒரு காலுக்கடியில் ஒரு வாஷர் கிடந்தது.

கோயம்புத்தூரிலிருந்து புதிதாக ஒரு எம்.டி. வந்தார். நல்ல மனிதர். தலைதான் பளிங்கு. சேர்ந்த மறுநாள் பட்டறையைச் சுற்றிப் பார்க்க வந்தவர், அவர் பெயர் போட்ட புது போர்டுக்குக் கீழே நின்று பேசிக்கொண்டிருந்தார். அண்ணன் மட்டும் பேச்சைக் கேட்காமல், அவர் உச்சிக்கு மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னங்க பார்க்கறீங்க?” என்றார் எம்.டி.

“தப்பா நெனைக்காதீங்க சார். சொட்டையா கீது.”

எம்.டி.யின் கை தானாகத் தலைக்குப் போனது. “என்னது?”

“நேத்தே பாத்தேன் சார். சொல்றதுக்குக் கூச்சமா இருந்துச்சு. தூரத்துலர்ந்து பாத்தா இன்னும் நல்லாத் தெரியுது.”

“எனக்குத் தெரியுங்க. இருபது வருஷமா இப்படித்தான் இருக்குது!”

“இருபது வருஷமா? ஐயோ, யாரும் சொல்லலியா? நீங்க கவலைப்படாதீங்க சார். மேல ரெண்டு ஸ்க்ரூ போட்டு இறுக்கனா சரியாயிடும்.”

அன்றைக்கு அவர் வேலை தப்பியது, நான் நடுவில் பாய்ந்து கன்னட இலக்கணம் நடத்தியதால்தான்.

தெருவில் இன்னும் மோசம். முடிவெட்டும் கடையில் கிருதா இரண்டும் ஒரே மட்டமா என்று பார்க்க, தலைமேல் ரசமட்டத்தை வைத்துக்கொண்டு உட்காருவார். கொத்தனார் வைத்திருப்பாரே, நடுவில் நீர்க்குமிழி ஓடும் கட்டை, அதேதான். குமிழி நடுவுக்கு வரும்வரை எழுந்திருக்க மாட்டார். கடைக்காரர், “அண்ணா, மொதல்ல தலைய நேரா வைங்க” என்று கெஞ்சுவார்.

ஒரு மார்கழியில் எதிர்வீட்டு அம்மா போட்ட கோலத்தைப் பார்த்து, “புள்ளி நேரு, கோடு சொட்டை” என்றார். அந்த அம்மா கோலமாவு டப்பாவை அவர் கையில் திணித்து, “நீயே போடுய்யா” என்றுவிட்டாள். வேறு யாராவது என்றால் ஓடியிருப்பார்கள். இவர் உள்ளே போய் நூல்கண்டும் ஆணியும் எடுத்துவந்து, தெருவை மறித்து நூல் கட்டி, கோலம் போட உட்கார்ந்துவிட்டார். பால்காரர் சுற்றிக்கொண்டு போனார். எங்கள் வேனும் போய்விட்டது. முடித்துவிட்டு எழுந்து நின்று வெகுநேரம் பார்த்தார். பிறகு அந்த அம்மாவிடம், “நேராத்தாம்மா கீது. ஆனா நீங்க போட்டதுதான் கோலம். இது டிராயிங்” என்று டப்பாவைத் திருப்பிக் கொடுத்தார்.

இப்படிப்பட்ட மனிதரைத்தான் என் வீட்டுப் பக்கமே வரவிடாமல் தடுக்க வேண்டிய காலம் எனக்கு வந்தது.

என் மனைவி கலைச்செல்வி, பக்கத்துத் தெரு நர்சரியில் எல்.கே.ஜி. மிஸ். ஒருநாள் காலையில் வாய் கொப்பளித்தாள். தண்ணீர் இடதுபக்கமாக ஒழுகியது. கண்ணாடியைப் பார்த்தால் வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. இடது கண் மூடவில்லை. முகவாதம் என்றார் டாக்டர். “பயப்படாதீங்க, பெரும்பாலும் தானா சரியாயிடும். மாத்திரை சாப்பிடுங்க, கண்ணாடி பார்த்துப் பயிற்சி பண்ணுங்க” என்றார். இவள் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் கண்ணாடிமேல் துண்டைப் போட்டு மூடினாள். ஒரு மாதம் லீவு சொன்னாள். அது முடிகிற திங்கட்கிழமை அனுப்ப, ராஜினாமா கடிதமும் எழுதி வைத்துவிட்டாள். “இந்த மூஞ்சியப் பார்த்தா குழந்தைங்க அழும்” என்பதுதான் காரணம். பத்து வருஷமாக அந்தக் குழந்தைகள்தான் அவளுக்கு எல்லாமே. வேலையை விட்டால் அவள் வீட்டைவிட்டே வெளியே வரமாட்டாள் என்று எனக்குத் தெரியும்.

“உங்க சொட்டை அண்ணன் மட்டும் இங்க வரக்கூடாது. வந்து அந்த ஒரு வார்த்தைய சொல்லிட்டாருன்னா நான் செத்தேன்” என்றாள்.

அண்ணனிடம், வீட்டில் பெயின்ட் அடிக்கிறார்கள் என்று ஒரு பொய் சொன்னேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை ரசமட்டத்தோடு வந்து நின்றார்.

“பார்டர் கோடு நேரா அடிக்கறானான்னு பாக்க வந்தேன். எங்கப்பா பெயின்ட்டு?”

நான் வாசலை அடைத்துக்கொண்டு நின்றேன். அதற்குள் கலைச்செல்வியே ஆவேசமாக வெளியே வந்துவிட்டாள்.

“வாங்கண்ணா. ஃபாருங்க. நல்லாப் ஃபாருங்க. சொட்டைதானே? சொல்லிடுங்க.” ‘ப’ வரவேண்டிய இடத்தில் காற்றுதான் வந்தது.

அண்ணன் வழக்கப்படி ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். “ஆமாம்மா. சொட்டைதான்” என்றார்.

“யோவ்!” என்று கத்தினேன் நான்.

“இன்னா யோவ்? கேட்டாங்க, சொன்னேன்.” அவர் சட்டைப் பையிலிருந்து ஸ்டீல் ஸ்கேலை எடுத்து, அவளைத் தொடாமல், ஒரு சாண் தள்ளிப் பிடித்து அளந்தார். “மூணு நூல்” என்றார். எட்டு நூல் சேர்ந்தது ஒரு இஞ்ச். பட்டறைக் கணக்கு.

“அவ்ளோதானா?” என்றாள் கலைச்செல்வி. தன் வாய் கழுத்துக்கே வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தவள்.

“அவ்ளோதான். அளக்காமயே பயந்துகினு இருந்தீங்களா? கேளும்மா. பம்பு பைப்போட புடிச்சிகினு நிக்கும், அத அசைக்க முடியாது. மோட்டாரத்தான் நவுத்தி அதோட நேருக்குக் கொண்டாருவோம். இப்ப நீங்க பம்பு. அதும்பாட்டுக்கு இருக்கட்டும். நாங்க நவுந்துக்கறோம்.” சொல்லிவிட்டு, தன் தலையை வலதுபக்கம் சாய்த்தார். நடுவகிடும் சாய்ந்தது. “பாரு, இப்ப நேரு!”

கலைச்செல்வி சிரித்துவிட்டாள். பாதி வாய்தான் சிரித்தது. அன்றைக்கு எனக்கு அது போதும். மாலையில் கண்ணாடியின் துண்டு இறங்கியது. கன்னத்தை உப்புவதும் பலூன் ஊதுவதுமாகப் பயிற்சி ஆரம்பித்தது.

அடுத்த ஞாயிறும் அண்ணன் ஸ்கேலோடு வந்தார். அளந்தார். “மூணு நூல். அப்பிடியே கீது” என்றார். அவள் முகம் விழுந்துவிட்டது. கேட் வரைக்கும் துரத்திப்போய், “ஏன்ணா, கால் நூலாவது கொறச்சுச் சொல்லக்கூடாதா? வாய் வலிக்க வலிக்க ஊதிக்கிட்டிருக்கா” என்றேன்.

“அளவுல பொய் சொல்றதா? எனக்குச் சோறு போட்ட ஸ்கேலுப்பா இது!” என்று எரிந்து விழுந்துவிட்டுப் போனார்.

மூன்றாவது ஞாயிறு. விடிந்தால் லீவு முடிகிறது. கடிதம் மேசைமேல் கவரில் இருந்தது. அண்ணன் கவரைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். ஸ்கேலை எடுத்து வழக்கத்தைவிட அதிக நேரம் அளந்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

“ரெண்டரை. அரை நூல் வந்துடுச்சும்மா.”

“நெஜமாவாண்ணா?”

“நான் என்னிக்கு மாத்திச் சொல்லியிருக்கேன்?”

என் கண்ணுக்கு ஒரு மாற்றமும் தெரியவில்லை. கேட்டருகே போய் மெதுவாக, “அண்ணா, குறையவே இல்லையே?” என்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. ஒழுங்காக இருந்த கேட் கொண்டியைப் போட்டு ஆட்டிக்கொண்டே, “உள்ள போய்யா. அவங்ககிட்ட வாயத் தொறந்த, தொலைச்சுடுவேன்” என்றார்.

திங்கட்கிழமை காலை மேசைமேல் கவர் இல்லை. கலைச்செல்வி புடவை கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் கிளம்பிக்கொண்டிருந்தாள். நான் வேலைக்கு லீவு போட்டுவிட்டு, பின்னாலேயே போய் அவள் வகுப்பு ஜன்னலோரம் ஒளிந்து நின்றேன். குழந்தைகள் ஒரு நிமிஷம் அவளை உற்றுப் பார்த்தன. அவள் இமைத்தபோது வலது கண் மட்டும் மூடித் திறந்தது. முன்வரிசையில் ஒரு வாண்டு துள்ளி எழுந்து, “மிஸ் கண்ணடிக்கிறாங்க! மிஸ், எனக்கும் சொல்லிக்குடுங்க!” என்றது. அன்றைக்கு ஏ, பி, சி, டி நடக்கவில்லை. வகுப்பு முழுக்க ஒரு கையால் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு கண்ணடிக்கப் பழகிக்கொண்டிருந்தது.

நான்கு மாதத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. அண்ணனும் போன வருஷம் ரிட்டயராகி, மகள் வீட்டோடு தங்கவயலுக்கே போய்விட்டார். போனால் போகிறது, இனிமேல் உண்மையைச் சொல்லலாம் என்றுதான் இதை எழுதினேன். பத்திரிகைக்கு அனுப்புவதற்கு முன்னால் கலைச்செல்வியிடம் படித்துக் காட்டினேன். அரை நூல் பொய் வந்த இடத்தில் தயங்கி நிறுத்தினேன்.

“படிங்க. எனக்குத் தெரியும்” என்றாள்.

“என்ன தெரியும்?”

“அன்னிக்கு அண்ணன் ஸ்கேல தலைகீழாப் பிடிச்சிருந்தாரு. அந்த மனுஷனே எனக்காக அளவுல பொய் சொல்றாரே, இதுக்கு மேல வீட்ல உக்காந்திருந்தா நல்லாவா இருக்கும்னுதான் லெட்டரக் கிழிச்சுப் போட்டேன்.”