ஜப்பான் அச்சடித்த பிள்ளையார் கோயில்

பர்மாவில் சந்தனம்போல் முகத்தில் பூசும் தனக்காக் கட்டையைத் தண்ணீர் விட்டு இழைக்கும் வாசனை எங்கே வந்தாலும், அதைப் பூசிய கன்னங்கள் என் நினைவுக்கு வருவதில்லை. பனி மூடிய ஒரு கோபுரம்தான் வருகிறது. யாங்கோனில் பனி பெய்யவைத்த ஒரே மனிதர், எங்கள் பபேடான் தெரு சலூன்காரர்.

ஜப்பான் என்றால்தான் அவரைத் தெருவுக்குத் தெரியும். அந்த நாட்டுக்குப் போனவரல்ல; விமானத்தை மிங்கலாடோன் விமான நிலையத்தில் அண்ணாந்து பார்த்ததோடு சரி. முடிவெட்ட வந்த ஜப்பானியர் ஒருவர் விட்டுப்போன புத்தகத்தில், மரப்பலகையில் செதுக்கி அச்சடித்த கோயில் படங்கள்: சிவப்புத் தூண்கள், அடுக்குக் கூரைகள், மேலே பனி. அன்று பிடித்தது பித்து. ஒரு காதோரம் வெட்டிவிட்டு மறு காதோரம் வருவதற்குள் பலகையில் ஒரு தூணைச் செதுக்கிவிட்டு வருவார். பாதித் தலையோடு டீக்கடைக்குப் போனவர்களில் நானும் உண்டு.

அவருக்கு ஆசை ஒன்றுதான். தெருப் பிள்ளையார் கோயிலை அந்த மாதிரி அச்சடித்து, கும்பாபிஷேகத்தன்று மண்டபத்தில் மாட்ட வேண்டும். மழைக்காலம் முழுக்கப் பலகை செதுக்கினார். மை தடவி, ஷான் மலைநாட்டுக் கைக்காகிதத்தை மேலே விரித்து, கரண்டி முதுகால் தேய்த்து எடுத்தார். பனிக்குத் தனக்கா.

தர்மகர்த்தா பார்க்க வந்தார்.

"ஏன்யா, கோபுரத்துல என்னது, பூஞ்சையா?"

"பனிங்கய்யா."

"இந்த ஊர்லயா?"

"சாமிக்கும் கொஞ்சம் குளுகுளுன்னு இருக்கட்டுமே."

அதைக்கூட விட்டிருப்பார். கீழே பார்த்ததும் குரல் ஏறியது. "புள்ளையார் தும்பிக்கை ஏன்யா அந்தப் பக்கம் போச்சு? ஐயய்யோ, சனமெல்லாம் தப்பாச் சுத்துது!"

பலகையில் இடவலம் மாற்றிச் செதுக்கினால்தான் காகிதத்தில் நேராக விழும். நாள் முழுக்கக் கண்ணாடி பார்த்துக் கத்தரி ஓட்டுகிறவர், இதில் மட்டும் அதை மறந்துவிட்டார்.

"இதை மாட்டினா, கும்பிட வர்றவன் எதிரும் புதிருமா முட்டிக்குவான்" என்று தர்மகர்த்தா போய்விட்டார். ஜப்பான் அன்று யார் தலையையும் தொடவில்லை.

மறுநாள் படம் சலூன் நாற்காலிக்குப் பின்சுவரில் தொங்கியது. உட்கார்ந்து எதிர்க் கண்ணாடியைப் பார்த்தால் தும்பிக்கை சரி, சுற்றும் சனமும் சரி. கும்பாபிஷேக வாரத்தில் சவரத்துக்கு வந்த தர்மகர்த்தா, முகமெல்லாம் நுரையோடு கண்ணாடியைப் பார்த்துக் கும்பிட்டார்.

"பனிதான்யா ஜாஸ்தி" என்றார்.

பிழைப்புக்காக ஊரை விட்டுக் கிளம்புமுன் அவரிடம் கடைசியாக முடிவெட்டிக்கொண்டேன். நடுவில் எழுந்து போகாமல் இரண்டு காதோரமும் முடித்தார். பிறகு அந்தப் படத்தின் இன்னொரு பிரதியைச் சுருட்டி என் கையில் திணித்தார்.

"சும்மா சுவத்துல மாட்டிறாதீங்கண்ணே. கண்ணாடிக்கு எதிர்ல மாட்டுங்க. தலை வாரும்போதெல்லாம் நீங்களும் நம்ம கோயில் வாசல்லயே நிப்பீங்க."