கரடியை எந்தப் பந்தியில் உட்கார வைப்பது

நெருப்பெரிச்சல்,
வியாழன் காலை.

மங்கலத்தில் உறையும் பெருமதிப்பிற்குரிய சம்பந்தி திரு. தங்கதுரை அவர்களின் சமூகத்திற்கு ஆத்தப்பன் கைகூப்பி எழுதிக்கொள்வது. இங்கு மகன், மருமகள், நான் மூவரும் சுகம். அங்கு தாங்களும் சம்பந்தியம்மாளும் தறிகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தறிகளைச் சுகம் விசாரிப்பது முறைதானா என்று சற்று யோசித்தேன். சென்ற முறை வந்திருந்தபோது தாங்கள் அவற்றைப் பற்றித்தான் அதிகம் பேசினீர்கள் என்பதால் எழுதியதை அடிக்காமல் விட்டுவிட்டேன்.

மருமகள் அனுப்பிரியா தங்களுக்குத் தொலைபேசியில் சொன்ன செய்தியை நான் சமையலறைப் பக்கம் தண்ணீர் குடிக்கப் போனபோது கேட்க நேர்ந்தது. ஒட்டுக்கேட்கவில்லை, தண்ணீர்தான் குடித்தேன். "மாமா விடிஞ்சதுல இருந்து பொம்மைப் படம் பாக்கறாருங்கப்பா. ஸ்கேல எடுத்து டி.வி.ய அளக்கறாருங்க. எனக்குப் பயமா இருக்குதுங்க" என்று அது சொன்னது முழுக்க உண்மை. அதற்குத் தாங்கள் கோவையில் நல்ல மருத்துவர் ஒருவரைப் பார்க்கலாம் என்று சொன்னதாகவும் அறிந்தேன். தங்கள் அக்கறைக்கு நன்றி. ஆனால் எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது என்று தெரியாமல் பார்த்தால் எந்த மனிதனும் மருத்துவருக்கு உரியவனாகத்தான் தெரிவான் என்பது என் தாழ்மையான கருத்து. அது தவறாகவும் இருக்கலாம். ஆகவே வரிசையாகச் சொல்கிறேன்.

தங்கள் மாப்பிள்ளை சசிகுமாரின் பனியன் கம்பெனியில், செக்கிங் பிரிவுக்குப் பின்னால் ஓர் அறை இருப்பதைத் தாங்கள் பார்த்திருப்பீர்கள். தையல் வேலைக்கு வருகிறவர்களின் குழந்தைகள் பகலில் அங்கேதான் இருக்கிறார்கள். அமராவதி என்ற பெண்மணி பார்த்துக்கொள்கிறார். சாப்பாட்டு வேளையில் அந்த அறையில் பெரிய சண்டை. காரணம் சோறு இல்லை, கார்ட்டூன். கவின் என்ற பையனுக்குப் பொம்பு என்கிற கரடிதான் உலகம். பீகாரிலிருந்து வந்தவர்களின் பிள்ளை பிட்டூவுக்கு இந்தியில் வரும் சம்சூ பயில்வான் என்ற கிளி. கட்டிங் மாஸ்டர் அஃப்சலின் மகள் மெஹ்ஜபினுக்குக் குடையில் பறக்கும் ஒரு சிறுமி. இன்னும் சிலருக்கு டப்பாவால் செய்த ஒரு ரோபோ. கரடிக் கட்சி கதவருகே, கிளிக் கட்சி ஜன்னலருகே என்று தனித்தனியாக உட்கார்ந்து, அடுத்தவர் தெய்வத்தைப் பழித்தபடி சாப்பிடுவார்கள். ஒருநாள் நான் அந்த வழியாகப் போனபோது அமராவதி பிடித்துக்கொண்டார். "ஏனுங்க, நீங்க சர்வே ஆபீசுல படம் வரைஞ்சவருதானுங்க? இந்தச் செவுத்துல இதுக கேக்கற பொம்மையெல்லாம் ஒண்ணாப் போட்டுக் குடுங்க, கொஞ்சமாவது அடங்குதான்னு பாக்கலாம்" என்றார். நான் வரைந்ததெல்லாம் கிணறு, வாய்க்கால், எல்லைக் கல் மட்டுமே, உயிருள்ள எதையும் வரைந்ததில்லை என்று சொன்னேன். "கிணறு போட்டவருக்குக் கரடி வராதுங்களா?" என்று கேட்டார். வராது என்பதற்கு என்னிடம் ஆதாரம் எதுவும் இல்லாததால் ஒப்புக்கொண்டேன்.

இப்படி வெவ்வேறு நிகழ்ச்சிகளின் பொம்மைகளை ஒரே படத்தில் கூட்டிவைத்து வரைவது உலகமெங்கும் இளைஞர்கள் செய்கிற காரியம்தானாம், ஃபேன் ஆர்ட் என்று பெயராம். இது அனுப்பிரியாவே பிற்பாடு, சற்றுப் பயம் தெளிந்தபின் சொன்னது. ஆனால் அந்த இளைஞர்கள் அளவுத்திட்டத்துக்கு என்ன செய்கிறார்கள் என்று அதற்கும் தெரியவில்லை. கரடி தன் ஊரில் கதவு உயரம். கிளியோ தன் ஊரில் லாரியை ஒற்றை இறக்கையில் தூக்குகிறது. ரோபோ பள்ளிப் பைக்குள் அடங்கிவிடுகிறது. இவர்களை ஒரே சுவரில் நிறுத்தினால் யார் யாருக்கு எவ்வளவு உயரம் என்று ஒரு பொது அளவு வேண்டாமா? எல்லா நிகழ்ச்சியிலும் எப்படியும் ஒரு கதவு வருகிறது, அதை வைத்துக் கணக்கிடலாம் என்று முடிவு செய்துதான் டி.வி.யில் ஸ்கேலை வைத்தேன். கதவு வரும்வரை காத்திருக்க வேண்டும், வந்ததும் உடனே மூடிவிடுகிறார்கள், அதனால்தான் விடிந்ததிலிருந்து உட்கார வேண்டியதாயிற்று. மருத்துவரிடம் சொல்வதானால் இந்தக் கதவு விவரத்தையும் சேர்த்துச் சொல்லும்படி வேண்டுகிறேன்.

அளவு கிடைத்ததும் அடுத்த கவலை, எல்லோரையும் என்ன காரணம் சொல்லி ஒன்றாக உட்கார வைப்பது? நம் பக்கத்தில் முன்பின் தெரியாதவர்கள் தோளோடு தோள் இடித்து உட்காரும் ஒரே இடம் கல்யாணப் பந்திதான். ஆகவே ஒரு நீள வாழையிலைப் பந்தி போட்டேன். யாரை எங்கே உட்கார வைப்பது என்று மறுபடி தயங்கினேன். "ஒறம்பரைய நடுவுல உக்கார வைங்க, உள்ளூர்க்காரங்க ஓரமா உக்காந்துக்குவாங்க" என்று அமராவதி தீர்ப்புச் சொன்னார். எல்லோருமே விருந்தாளிகளாக இருந்ததால் அந்தத் தீர்ப்பு பயன்படவில்லை. ஒருவழியாகக் கரடி, கிளி, குடைச் சிறுமி, ரோபோ என்று உட்கார்ந்தார்கள். கிளியின் இலையில் ஒரு லட்டு, அதை நோக்கிக் கரடியின் கை. ரோபோவுக்கு ரசத்துக்குப் பதில் எண்ணெய். பழக்க தோஷத்தால் மூலையில் வடக்கு நோக்கி ஓர் அம்புக்குறியும் இட்டுவிட்டேன். மறுநாள் குழந்தைகள் அந்தச் சுவரைப் பார்த்தபடி ஒரே வரிசையில் உட்கார்ந்தார்கள். யாரும் சொல்லவில்லை. படத்தில் யார் பக்கத்தில் யாரோ, கீழேயும் அவர்கள் பக்கத்தில் அவர்கள். பிட்டூ தன் டப்பாவிலிருந்த லிட்டி என்கிற சுட்ட மாவு உருண்டையைக் கவினிடம் நீட்டினான், கவின் மோந்து பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டான். சம்பந்தி, என் வாழ்நாளில் நான் வரைந்த படங்களைப் பார்த்து மனிதர்கள் சண்டை போட்டுத்தான் பழக்கம். என் படத்தைப் பார்த்துச் சேர்ந்து உட்கார்ந்தது இதுவே முதல் முறை. அன்று சாயங்காலம் நான் இரண்டு தம்ளர் காப்பி குடித்தேன்.

இந்த வாரத் தொடக்கத்தில்தான் வந்தது வினை. சசிகுமார் ஆபீஸ் அறையில் போன் பேசிக்கொண்டிருந்தான். "கரடிக்குப் பக்கத்துல வேற எதுவும் வரக் கூடாதுங்க. அவிங்க ரூல்சு அப்படி. வெள்ளிக்கிழமை அந்தம்மா வந்து பாத்தாங்கன்னா மொத்தமும் ரிஜக்ட் பண்ணீருவாங்க." வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றுக்காக அவன் பொம்பு கரடி போட்ட குழந்தை பனியன்கள் தைக்கிறான் என்பது தாங்கள் அறிந்ததே. அந்தக் கம்பெனிக்காரர்கள் தங்கள் கரடியை யாருடனும் சேர்க்க மாட்டார்களாம். சோதனைக்கு ஓர் அம்மாளை அனுப்புகிறார்களாம். நம் சுவரிலோ அது கிளியோடு பந்தியில் உட்கார்ந்திருக்கிறது. உள்ளே போய், "ஏப்பா, நம்ம செவுத்துக் கரடியவா சொல்ற?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கதவருகே நின்றேன். அவன் வேலையாக இருந்தான். வேலை முடிந்ததும் இன்னொரு போன் வந்தது. நான் திரும்பி வந்துவிட்டேன். நாங்கள் இருவரும் எப்போதுமே அப்படித்தான், அவனும் கேட்க மாட்டான், நானும் கேட்க மாட்டேன், வீடு மிக அமைதியாக இருக்கும்.

யாரையும் நோகடிக்காமல் விதியையும் மீறாமல் இருக்க வழி என்ன என்று யோசித்தேன். எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். கரடிக்கும் கிளிக்கும் நடுவே இலையைக் குறுக்காக வெட்டி ஓர் எல்லைக்கோடு போட்டு, கீழே கல்லும் நட்டேன். இனி சட்டப்படி கரடி தன் நிலத்தில் தனியாகச் சாப்பிடுகிறது, பக்கத்து நிலத்தில் நடக்கும் விருந்துக்கு அது பொறுப்பில்லை. ஆனால் லட்டை நோக்கி நீட்டியிருந்த கை கோட்டைத் தாண்டிக் கிடந்தது. தெளிவான ஆக்கிரமிப்பு. வேறு வழியின்றிக் கையை அழித்து முதுகுக்குப் பின்னால் கட்டிவிட்டேன்.

நேற்று சாப்பாட்டு மணி அடித்தது. குழந்தைகள் வந்தார்கள், சுவரைப் பார்த்தார்கள். பிறகு ரோபோக் கட்சிப் பையன் ஒருவன் கவினிடம், "நீ அக்கட்டால போய் உக்காருடா. உன்ர கரடி அங்கதான இருக்குது" என்றான். கவின் சண்டை போடுவான் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை. டப்பாவைத் தூக்கிக்கொண்டு கோட்டுக்கு அந்தப் பக்கம் போய், திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். மெஹ்ஜபின் என் வேட்டியைப் பிடித்து இழுத்தாள்.

"ஏனுங்க தாத்தா, கரடிய மட்டும் எதுக்குங்க தனியா உக்கார வெச்சீங்க?"

கம்பெனி, உரிமை, விதிமுறை என்று ஐந்து வயதுக் குழந்தைக்குப் புரியும்படி என்னால் இயன்றவரை விளக்கினேன். மிகப் பொறுமையாகக் கேட்டாள்.

"செரிங்க. அது என்ன தப்புப் பண்ணுச்சு?"

ஒரு பக்கத்து ஆள் இன்னொரு பக்கம் போகக் கூடாது என்று எத்தனையோ கோடுகள் போட்டுக் கையெழுத்தும் இட்டவன் நான். எந்தக் கோட்டுக்கும் யாரும் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை. அமராவதி முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். நான் பெயிண்டைக் கரைக்கும் தின்னர் பாட்டிலைத் தேடி எடுத்து, துணியில் நனைத்து, அங்கேயே கோட்டை அழித்தேன். கல்லையும் பிடுங்கினேன். கையைத் திரும்ப நீட்டினேன், இந்த முறை லட்டு கைக்குள்ளேயே வந்துவிட்டது. அப்படியும் கவின் அசையவில்லை. பிட்டூ போய் அவன் சட்டையைப் பிடித்து, "ஆஜா" என்றான். "வரமாட்டேன் போ" என்றான் கவின். அவன் இந்தியிலும் இவன் தமிழிலுமாக நெடுநேரம் வாதாடினார்கள். வாதம் முடிந்தபோது இவன் டப்பாவை அவனும் அவன் டப்பாவை இவனும் காலி செய்திருந்தார்கள்.

இத்துடன் முடிந்திருந்தால் தங்களுக்கு இந்தத் தொல்லை கொடுத்திருக்க மாட்டேன். நேற்று மாலை அந்த அறைக்கு வெளியே ஒரு வாளி வெள்ளைப் பெயிண்டும் நீளக் கம்பில் ரோலரும் வந்து இறங்கின. சசிகுமார் ஓர் ஆளை நிறுத்திக் கையை நீட்டி என்னவோ காட்டிக்கொண்டிருந்தான். நாளை வெள்ளிக்கிழமை. மேற்கொண்டு நான் எழுத வேண்டியதில்லை. ராத்திரி முழுக்கத் தூக்கமில்லைங்க. அந்தப் புள்ளைங்க நாளைக்கு வந்து வெறும் செவுத்தப் பாத்தாங்கன்னா பழையபடி கதவுக்கு ஒருத்தன், ஜன்னலுக்கு ஒருத்தன்னு போயிருவாங்க. மன்னிக்கவும், பேச்சு வழக்கில் எழுதிவிட்டேன்.

ஆகவே தாங்கள் தயவு செய்து நாளைக் காலை முதல் பஸ்ஸில் புறப்பட்டு வந்து மாப்பிள்ளையிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தங்கள் குரலைக் கேட்டால் அவன் நாற்காலியை விட்டு எழுந்துவிடுகிறான். நான் பேசினால் போனைப் பார்த்தபடி, "சொல்லுங்கப்பா" என்கிறான், அதற்குள் நான் சொல்ல வந்ததை மறந்துவிடுகிறேன். அந்த அம்மாள் சுவரைப் பார்த்துக் கேள்வி கேட்டால், இது அவர்கள் பொம்பு இல்லை, குண்டடத்துப் பக்கம் இருந்து வந்த வேறு கரடி என்று சொல்லிவிடலாம். குண்டடத்தில் கரடி கிடையாது என்பது அவருக்குத் தெரிய வாய்ப்பில்லை. இதைச் சொல்ல என்னால் ஆகாது, தங்களால் ஆகும். சுவர் தப்பிவிட்டால் சனிக்கிழமை கோவை மருத்துவரிடம் நான் மறுப்பின்றி வருகிறேன்.

சம்பந்தியம்மாளுக்கு என் வணக்கங்கள். அவர்களுடைய முழங்கால் வலி குறைந்து, தங்கள் தறிகள் நூல் அறாமல் ஓடி, இரு வீட்டு அடுப்பும் என்றும் அணையாமல் இருக்க ஆண்டவனை வேண்டிக்கொள்ளும்,

தங்கள் பணிவான,
ஆத்தப்பன்.

பின்குறிப்பு: மேலே எழுதியது எதையும் பொருட்படுத்த வேண்டாம். மங்கலத்துக்கு நூல் எடுக்கப் போகும் நம் வேன்காரரிடம் இதைக் கொடுத்தனுப்பக் கொண்டுபோனேன். எதிரே சசிகுமார் வந்து, "மாமனாருக்கு அவசரமா என்னங்கப்பா கடுதாசி?" என்றான். வேன் உறுமிக்கொண்டிருந்ததாலோ என்னவோ, எனக்குத் தைரியம் வந்து, "செவுத்துக்கு எப்பப்பா வெள்ளையடிக்கற?" என்று கேட்டுவிட்டேன். "எந்தச் செவுருங்க?" என்றான். பெயிண்ட் கழிப்பறைக்காம். போனில் பேசியது, பிரிண்டிங்காரர் பனியனில் கரடியை ஒட்டி ஒரு பூவை அடித்துவிட்டாராம், அதைப் பற்றியாம். அந்த அம்மாள் துணியைப் பார்க்க வருகிறாரே தவிர சுவரைப் பார்க்க இல்லையாம். சிரித்துச் சிரித்து வேன் கதவைப் பிடித்துக்கொண்டான். அப்புறம் தலையைச் சொறிந்துகொண்டு, "ஏனுங்கப்பா, நான் சின்னதுல டி.வி.ல ஒத்தக்கால் நாரை ஒண்ணு பாப்பனே, ஞாபகம் இருக்குதுங்களா? கடைசில கொஞ்சம் எடம் இருக்குதுங்க. அதையும் போட்டுருங்களே" என்றான். கடிதத்தைத் திருத்தி எழுத நேரமில்லை, வேன்காரர் ஹாரன் அடிக்கிறார். தாங்கள் பரிந்து பேச வர வேண்டாம், சாப்பிட வாருங்கள். ஒற்றைக்காலை வைத்துக்கொண்டு நாரையை எப்படிச் சம்மணமிட வைப்பது என்று தாங்களும் ஒரு யோசனை சொல்லலாம். நாரை எவ்வளவு உயரம் என்று அவனைக் கேட்டேன். "என்னை விடக் கொஞ்சம் உசரங்கப்பா" என்றான். இப்போதைய அவனை விடவா, அன்றைய அவனை விடவா என்று கேட்கவில்லை. இதோ, போய்க் கேட்டுவிட்டு வருகிறேன்.