திங்கட்கிழமைக்குள் அழவேண்டிய கவிஞர்

அன்பும் மரியாதையும் உள்ள அக்காவுக்கு, தம்பி எழுதிக்கொள்வது. நலம் என்று எழுதக் கை வரவில்லை. நீயும் அத்தானும் நலமாக இருந்தால் அதில் எனக்கும் கொஞ்சம் ஒதுக்கி வைக்கவும்.

பல்கலைக்கழக நூலகத்தின் மாடியில் 'டிஜிட்டல் மனிதவியல் உதவி மையம்' என்று பலகை மாட்டி என்னை உட்கார வைத்ததாகப் போன கடிதத்தில் பெருமையடித்தேன் அல்லவா? இலக்கியக்காரர்களும் வரலாற்றுக்காரர்களும் கணினியை வைத்து ஆராய்ச்சி பண்ண, பாடம் நடத்த, ஒத்தாசை செய்வதுதான் வேலை. வந்தவர்கள் கேட்டதோ வேறு ஒத்தாசை. வரலாற்றுப் பேராசிரியர் செல்போனுக்கு சார்ஜ் ஏற்ற வந்தார். தத்துவத்துறை அம்மா ஏசி இருக்கிறதே என்று விடைத்தாள் கட்டோடு வந்து உட்கார்ந்துகொண்டார். இன்னொருவர், நான் ஸ்கேன் செய்து கொடுத்த பக்கங்களைப் பத்திரமாக இருக்கட்டும் என்று அச்செடுத்து வாங்கிப் போனார். போன வாரம் அந்த அச்சை ஸ்கேன் பண்ணக் கொண்டுவந்திருக்கிறார்.

இந்த அழகில் திங்கட்கிழமை ஆய்வுக் குழு வருகிறது. மையத்தால் ஓர் ஆராய்ச்சியாவது நடந்ததா என்று பார்ப்பார்களாம். இல்லையென்றால் மையத்துக்குப் பூட்டு, என் வேலையும் போச்சு. இலக்கியத் துறைத்தலைவரிடம் கெஞ்சிக் கூத்தாடி, அவர் ஆயுசு பூராவும் ஆராய்ந்த பழைய கவிஞரின் பாடல்களையெல்லாம் கணினியில் ஏற்றி, எந்தச் சொல் அதிகம் வருகிறது என்று மாணவர்களை வைத்தே பார்க்கச் சொன்னேன். அந்தக் கவிஞர் சோகமே உருவானவர் என்று எழுதித்தான் தலைவர் டாக்டர் பட்டமே வாங்கினார். கணினி என்னடாவென்றால், கண்ணீர் ஒரே ஓரிடத்தில்தான், மற்றபடி பாட்டு முழுக்கச் சாப்பாடு என்று சொல்லிவிட்டது. மாணவர்கள் மேசைக்கடியில் குனிந்து சிரித்தார்கள்.

தலைவர் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"தம்பி, உங்க மிஷினுக்கு உடம்பு சரியில்ல போலிருக்கு."

"திரும்பவும் பார்த்துட்டேன் சார். அதேதான் வருது."

"இன்னொரு தரம் பாருங்க. நான் சொல்ற மாதிரி பாருங்க. திங்கக்கிழமைக்குள்ள அந்த ஆளு அழுதாகணும்."

அக்கா, பட்டினி கிடந்தாலும் கிடப்பேன், கணக்கில் கை வைக்க மாட்டேன். என் வீட்டுக்காரியும், "போனாப் போகுது, நிம்மதியாவது மிஞ்சும்" என்று சொல்லிவிட்டாள். உங்கள் மாடி அறையை ஒழித்து வை, மூட்டை முடிச்சோடு வந்துவிடுகிறோம். அத்தானுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி.

இப்படிக்கு,
வேலை போனாலும் மானம் போகாத உன் தம்பி

பி.கு.: தபாலில் போட மறந்து இதைச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன். திங்கட்கிழமை நல்லபடியாக முடிந்தது. கவிஞர் தேம்பித் தேம்பி அழுதார், குழுத்தலைவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என்னை மையத்தின் இயக்குநர் ஆக்கிவிட்டார்கள். இப்போது எல்லாத் துறைக்காரர்களும் முடிவைக் கையோடு எழுதிக்கொண்டு வந்து வரிசையில் நிற்கிறார்கள், ஆராய்ச்சியை மட்டும் நான் பண்ணிக் கொடுத்தால் போதுமாம். மாடி அறையை யாருக்காவது வாடகைக்கு விட்டுவிடு.