காத்திருப்பு வைத்தியம்

செங்காந்த நாட்டில் ஒரே ஒரு அரண்மனை மருத்துவமனை இருந்தது. அதன் வாசலில் உட்கார்ந்து, வருகிறவர்களை எந்த வைத்தியரிடம் அனுப்புவது என்று பார்த்துச் சொல்வது குழலியின் வேலை.

ஒருநாள் மருத்துவ அமைச்சர் பராந்தகர் வந்து முழங்கினார். "நோயாளி முதலில் காண்பது யாரை? வாசலில் இருக்கும் அலுவலரை. ஆகவே அலுவலரே முதல் வைத்தியர்."

குழலிக்குச் சிவப்புப் பட்டை அணிவித்தார்கள். இனி அவள் நலம் விசாரிக்க வேண்டும். அவள் சரியாக விசாரித்தாளா என்று இன்னொருவர் விசாரிப்பார். அவருக்கு ஒரு மேற்பார்வையாளர். பட்டைகள் பெருகின. உள்ளே போகிறவர்கள் குறைந்தார்கள். காத்திருந்து சலித்தவர்கள் வீட்டுக்குத் திரும்பினார்கள்.

"நடந்தே போகிறார்களா?" என்று அமைச்சர் கேட்டார்.

"ஆமாம், ஐயா."

"அப்படியானால் குணமாகிவிட்டது."

அடுத்த ஆணையில், காத்திருப்பதே சிகிச்சை என்றானது. காத்திருப்புக் கூடத்தைப் பெரிதாக்கி, வைத்தியர்கள் இருந்த பக்கத்துக்குக் கதவு போட்டார்கள். அதற்குப் பின்னால் இப்போது என்னதான் நடக்கிறது? குழலி மேற்பார்வையாளரைக் கேட்டாள். அவருக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளத் தோன்றவும் இல்லை.

தறி நெய்யும் பேச்சி கைக்குழந்தையோடு வந்தாள். ஒவ்வொரு மூச்சுக்கும் குழந்தையின் விலா உள்ளே குழிந்தது.

"நலமா?" என்றாள் குழலி. ஆணை அப்படி.

"பாத்தா தெரியலையா தாயி? இங்க இருக்கவுக எல்லாரும் இதையேதான் கேக்குறாக. புள்ளையத் தொட்டுப் பாக்க ஒருத்தருமில்லையா?"

குழலி குழந்தையை வாங்கிக்கொண்டு போய்க் கதவைத் தள்ளினாள். பேச்சி பின்னாலேயே வந்தாள்.

உள்ளே வைத்தியர்கள் வரிசையாக பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். மூத்தவர் எழுந்தார்.

"நாட்டில் நோயே இல்லை என்றார்களே. இது யார்?"

"நோயாளி."

அவர் கை தானாகவே குழந்தையின் மார்புக்குப் போயிற்று. மற்றவர்கள் மருந்தை எங்கே வைத்தோம் என்று தேடி ஓடினார்கள். பொழுது சாய்வதற்குள் குழந்தை பாலுக்கு அழுதது.

மறுநாள் அமைச்சர் மருத்துவமனைக்கு வந்து, தம் அறைக்குக் குழலியை அழைத்தார்.

"நோயற்ற நாட்டுக்குள் ஒரு நோயாளியை அனுமதித்திருக்கிறாய். பெருங்குற்றம்."

"அப்படியென்றால் அந்தக் குழந்தைக்கு நோய் இருந்ததா, ஐயா?" என்று குழலி கேட்டாள். உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

அமைச்சர் பக்கத்தில் நின்ற தம் செயலரைப் பார்த்தார். செயலர் மேற்பார்வையாளரைப் பார்த்தார். அவர் கூரையைப் பார்த்தார்.

"வெளியே உட்கார்," என்றார் அமைச்சர் கடைசியில். "கூப்பிடுகிறேன்."

கூடத்தில் உட்கார இடம் தாராளமாக இருந்தது. காத்திருந்தவர்கள் எல்லோரும், திறந்து கிடந்த கதவு வழியே வைத்தியர்களிடம் போய்விட்டிருந்தார்கள்.