காதுகுத்துக்கு வந்த கைவலி

பாப்பா இடது கையைத் தூக்கவே மாட்டேன் என்கிறாள். தமிழரசு யாராவது பார்த்தார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்தான்.

போர்வெல் வண்டியோடு ஊர் ஊராகச் சுற்றிவிட்டு, மகளின் காதுகுத்துக்காக எடப்பாடிக்கு வந்திருந்தான். ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு அப்பன் முகமே மறந்துபோயிருந்தது. சிரிக்க வைக்கிறேன் பேர்வழி என்று இரண்டு கையையும் பிடித்து ராட்டினம் சுற்றினான். சிரித்தாள். முழங்கையில் களுக்கென்று ஏதோ கேட்டது. அப்புறம் ஒரே அழுகை.

அந்தக் கைக்கு நேராகப் பிஸ்கட்டை நீட்டினான். வலது கையால் வாங்கிக்கொண்டாள். தைலம் தேய்த்தான். அவள் வீரிட்ட வீரிடலில் சொந்தபந்தம் மொத்தமும் ஓடிவந்துவிட்டது.

"என்னங்க ஆச்சு?" என்றாள் மனைவி பிரவீனா.

உண்மையைச் சொல்வதா? பெற்ற அப்பனே பிள்ளை கையை முறித்துவிட்டான் என்று ஊர் சிரிக்காதா? பக்கத்தில் பிரவீனாவின் அண்ணன் வேலுமணி நின்றிருந்தான். காலையிலிருந்து பாப்பாவைத் தோளில் வைத்துக்கொண்டு திரிந்த மனுசன்.

"உங்கண்ணன் தூக்கிட்டுத் திரிஞ்சாருல்ல, அதுல பிசகிருக்கும்."

சொன்னதும் அவனுக்கே கூசியது. ஆனால் சொல்லியாயிற்று.

பிரவீனாவும் இருக்கும் இருக்கும் என்று தலையாட்டினாள். வேலுமணி முகம் செத்துப்போயிற்று. மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். அவனோ, இனிப் பிள்ளையைத் தொடமாட்டேன், வேறு மடியைப் பாருங்கள் என்று செருப்பை மாட்டிக்கொண்டான். ஆசாரி ஊசியும் கையுமாக உட்கார்ந்திருந்தார். விசேஷம் அம்போ என்று நின்றது.

அந்த நிலையிலும் ஆஸ்பத்திரிக்குக் காரை எடுத்தது வேலுமணிதான். வழியெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டே ஓட்டினான். பின்சீட்டில் இருந்த தமிழரசுவுக்கு வெட்கத்தில் தலை நிமிரவில்லை.

டாக்டரம்மா பாப்பாவின் உள்ளங்கையைத் திருப்பி, முழங்கையை மடக்கினார். அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் பாப்பா அதே கையால் ஸ்டெதாஸ்கோப்பை இழுத்தாள். முறிவெல்லாம் இல்லையாம், மூட்டு லேசாக விலகியிருந்ததாம். சின்னப் பிள்ளைகளைக் கையைப் பிடித்து இழுத்தாலும் சுற்றினாலும் இப்படித்தான் ஆகுமாம். அக்குளில் கை கொடுத்துத் தூக்க வேண்டுமாம். தோளில் வைத்துத் திரிந்தால் இது வராது என்றும் சொல்லிவிட்டார்.

தமிழரசுவால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"நாந்தானுங்க கையப் புடிச்சுச் சுத்துனேன். மச்சான் மேல பொய் சொல்லிட்டேன். மன்னிச்சுக்கங்க மச்சான்."

பிரவீனா கிழிகிழியென்று கிழிப்பாள் என்று நினைத்தான். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நர்ஸ் வேலுமணியைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"போன மாசம் இதே கையோட வந்தப்ப, இந்த அம்மணியும் எங்கண்ணந்தான் இழுத்துட்டாருன்னுதானுங்க சொன்னாங்க."